தம்பி படுத்துறங்கும் அறை

ஞாயிறு ஆராதனையில் போதகர் மெலியானேவின் பெயரைச் சொல்லி, அவள் மூன்றாவது முறையாக எழுதப்போகும் பரீட்சைக்காக ஜெபித்தார். முதல் முறை "எங்கள் மகள்" என்றார். இரண்டாம் முறை "பொறுமையுள்ள எங்கள் மகள்" என்றார். இந்த முறை, "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்றே தொடங்கினார். பாடகர் வரிசையிலிருந்த பெண்கள் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

மெலியானே தலையைக் குனிந்து, சபைக்கு வரும்போது மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாயின் ஓரப் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. எங்கள் தீவு நாட்டின் தலைநகரான நுக்குஅலோஃபாவில் யார் பரீட்சை எழுதினாலும் சபையே எழுதுகிற மாதிரிதான். தேறினால் அது எல்லோருடைய தேர்ச்சி. தவறினால் மட்டும் எழுதியவளுடைய தோல்வி. அந்தக் கணக்குதான் அவளை உறுத்தியது.

வெளியே வந்ததும் அத்தை சியோசியானா கையைப் பிடித்துக்கொண்டாள். மெலியானேவுடைய அப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

"ஏண்டி, ரெண்டு தடவையும் உனக்காக உபவாசம் இருந்தேன். இந்தத் தடவையும் கவுத்துடாத. என் வயிறு தாங்காது."

"இந்தத் தடவை நல்லா சாப்பிட்டுட்டு ஜெபம் பண்ணுங்க அத்தை. பட்டினி ஜெபம் மேல போய்ச் சேரல போல."

"வாய் மட்டும் மொத தடவையே பாஸ் ஆயிடும் உனக்கு!"

சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தாள். ஆனால் உள்ளே ஒன்று சிரிக்கவில்லை.

புயல் நிவாரணக் கிடங்குகள் வாரியத்தில் அவள் உள்தணிக்கைப் பிரிவில் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. தொழில்முறை உள்தணிக்கையாளர் தேர்வின் கடைசித் தாளை இந்த முறை முடித்தால் நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் வெலிங்டனிலிருந்து ஒருவரை ஒப்பந்தத்தில் வரவழைப்பதாக வாரியம் முடிவெடுத்துவிட்டது.

நாற்காலியை அவள் விரும்பினாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைவிட ஆழத்தில் வேறொரு கேள்வி கிடந்து குடைந்தது. தான் இத்தனை காலமும் செய்தது தணிக்கையா, அல்லது தீவு தீவாகப் போய் உறவுக்காரர்களைப் பார்த்து, கிழங்கு சாப்பிட்டுவிட்டு வந்ததா? வேலை தெரிந்தவள் என்று ஊரே சொல்கிறது. வேலையைப் பற்றிய கேள்வித்தாள் மட்டும் இரண்டு முறை இல்லை என்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் அல்லவா?

அலுவலகத்தில் அவளிடம் பரீட்சைக் கேள்விகளைக் கேட்டுப் பழக்குபவள் எசேட்டா. ஆக்லாந்தில் வளர்ந்தவள், பல்கலைக்கழகம் முடித்த கையோடு எல்லாத் தாள்களையும் ஒரே மூச்சில் தேறிவிட்டு, அதன் பிறகுதான் வாழ்க்கையில் முதல் கிடங்கைப் பார்த்தவள். மதிய உணவு நேரத்தில், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரைப் பொட்டலங்களை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்வார்கள்.

"கேளுங்கக்கா. தணிக்கைக்குப் போறீங்க. கிடங்குப் பொறுப்பாளர் இன்னிக்கு முடியாது, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றாரு. மொதல்ல என்ன செய்வீங்க?"

"அவங்க வீட்ல யாரு செத்துட்டாங்கன்னு கேப்பேன்."

எசேட்டா தலையில் கை வைத்தாள். "நாலு விடையில அது இல்லக்கா!"

"இருக்கணும். இங்க ஒருத்தன் அடுத்த வாரம் வான்னு சொன்னா, வீட்ல பந்தல் போட்டிருக்கான்னு அர்த்தம். அப்பப் போய் பேப்பர காட்டினா சாகற வரைக்கும் ஒரு கயிறு கூட எண்ண விடமாட்டான்."

"சரி, அடுத்தது. நீங்க தணிக்கை செய்ற இடத்துல உங்க நெருங்கின சொந்தக்காரர் பொறுப்புல இருக்காரு. என்ன செய்யணும்?"

"மேல சொல்லிட்டு, என் வேலைய இன்னொருத்தர் சரி பாக்கற மாதிரி வச்சுக்கிட்டு, வேலையத் தொடரணும்."

"தப்பு. சொல்லிட்டு அந்த வேலையிலேர்ந்து விலகிடணும்."

"விலகிட்டா யாருடி போறது? இந்த நாட்டுல எனக்குச் சொந்தம் இல்லாத ஆபீஸ் எது? வானிலை நிலையத்துல பெரியம்மா பையன். துறைமுகத்துல மாமா. விலகிக்கிட்டே போனா கடைசில கடல்லதான் போய் நிக்கணும்."

எசேட்டா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்தாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. ஒவ்வொரு கேள்விக்கும் நீங்க நேர்ல பாத்த ஒரு ஆள கூட்டிட்டு வர்றீங்க. கேள்வியில அந்த ஆள் இல்ல. உங்க அனுபவம்தான் உங்கள ஃபெயில் பண்ணுது. பரீட்சை ஹாலுக்குப் போறப்ப அத வெளியிலயே விட்டுட்டுப் போங்க."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் வலித்தது. வேண்டாதவர்கள் சொன்னால் தள்ளிவிடலாம். மெலியானே அன்று சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியே விட்டுவிட்டுப் போவதற்கு அது என்ன குடையா? அதை எடுத்துவிட்டால் உள்ளே போய் உட்காரப்போகிறவள் யார்?

பரீட்சைக்கு முந்தைய மாதம், புயல் காலம் தொடங்கும் முன் வழக்கமாகச் செய்யும் தணிக்கைக்காக இருவரும் வவாவு தீவுக்குப் பறந்தார்கள். அங்கே கிடங்குப் பொறுப்பாளர் ஃபெலேட்டி, மெலியானேவுடைய சித்தப்பா மகன். எங்கள் வழக்கில் சித்தப்பா மகன் என்று தனியாக ஒரு உறவு கிடையாது, தம்பி என்றால் தம்பிதான். அக்காவும் தம்பியும் வயதுக்கு வந்த பிறகு ஒரே அறையில் படம் பார்ப்பதில்லை. அவள் முன்னால் அவன் கேலி பேசுவதில்லை. அவன் வந்தால் அவள் வேறு பக்கம் போய்விடுவாள். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. அதுதான் மரியாதை, அதுதான் பிரியமும்.

விமான நிலையத்துக்கு லாரியோடு வந்திருந்த ஃபெலேட்டி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் பையை மட்டும் வாங்கி முன் இருக்கையில் வைத்தான். கிடங்கை அடைந்ததும் உள்ளே கத்திக்கொண்டிருந்த வானொலியை அணைத்தான். சாமான் தூக்கும் ஆட்களிடம், "டேய், வாயக் கழுவிட்டு வேலை பாருங்க. எங்க அக்கா வந்திருக்காங்க" என்றான்.

மெலியானே வேலையைத் தொடங்கியதும் எசேட்டா ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். மெலியானே தார்ப்பாய் அடுக்கின் மேலே எண்ணாமல், அடியிலிருந்து ஒன்றை உருவச் சொல்லி முகர்ந்தாள். ஈரம் கோத்த வாடை இருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீர்க் கேன்களைத் தட்டி விரிசலைக் கண்டுபிடித்தாள். விளக்குகளில் நடுவரிசையிலிருந்து ஒன்றை எடுத்து எரியவிட்டாள். அந்த நேரங்களில் அவளுக்குத் தன்மேல் எந்தச் சந்தேகமும் இருப்பதில்லை. கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

கடைசியில் பின்சுவரில் ஒரு கதவு. மேலே மரப்பட்டைத் துணி தொங்கியது.

"அது என்ன ரூம்?" என்றாள் எசேட்டா.

"நான் படுக்கற எடம்மா. புயல் காலத்துல வீட்டுக்குப் போறதில்ல, இங்கயே தங்கிடுவேன். தண்ணி சுத்தம் பண்ற மாத்திரைப் பெட்டியெல்லாம் அங்கதான் இருக்கு. அதுதான் நனையாத ரூம்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் மெலியானே திரும்பி வாசலுக்கு நடந்துவிட்டிருந்தாள். யோசித்து எடுத்த முடிவில்லை. தம்பி படுக்கும் அறை என்றதும் கால் தானாகத் திரும்பிவிட்டது. வாசலில் நின்று, வெயிலில் மினுங்கும் நேயாஃபு துறைமுகத்தையும் பாய்மரப் படகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எசேட்டா பெட்டிகளை எண்ணும் குரல் கேட்டது. அவளுக்கு ஃபெலேட்டி தம்பியில்லை. அவளுக்கு அது ஒரு அறை, அவ்வளவுதான்.

"கணக்கு சரியா இருக்குக்கா" என்று எசேட்டா வெளியே வந்தாள்.

சாயங்காலம் துறைமுகத்தை ஒட்டிய கடையில் வறுத்த மீன் சாப்பிடும்போது எசேட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. "பாவம்க்கா உங்க தம்பி. கட்டில் கூட இல்ல. மாத்திரைப் பெட்டியயே வரிசையா அடுக்கி, மேல மெத்தையப் போட்டுப் படுத்துருக்காரு."

மெலியானே மீனை வைத்துவிட்டாள். "பெட்டி மேலயா மெத்தை?"

"ஆமா. ஏன்?"

"அப்ப போன வருஷம் வெளித்தீவுகளுக்கு அனுப்பின மாத்திரையெல்லாம் எங்கேர்ந்து எடுத்திருப்பான்? படுக்கையக் கலைச்சுட்டா எடுப்பான்? கதவுகிட்ட புதுசா வந்து எறங்கினதத்தான் எடுத்திருப்பான். மெத்தைக்கு அடியில இருக்கறது அசையவே அசைஞ்சிருக்காது. பெட்டியில தேதி பாத்தியா?"

எசேட்டாவின் முகம் மாறியது. "எண்ணினேன். எண்ணிக்கை சரியா இருந்துச்சு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தேதி பாக்கணும்னு புத்தகத்துல இருக்குக்கா. நானே அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன். அங்க நிக்கும்போது ஞாபகமே வரல."

மறுநாள் காலையில் எசேட்டா மட்டும் உள்ளே போய் மெத்தையைத் தூக்கச் சொன்னாள். அடியிலிருந்த பெட்டிகள் எல்லாம் காலாவதியானவை. ஃபெலேட்டி அதிர்ந்துபோய் நின்றான். அவன் எதையும் திருடவில்லை, மறைக்கவுமில்லை. நல்ல பொருளை நல்ல இடத்தில் வைத்து, காவலுக்குத் தானே மேலே படுத்திருந்தான். ஆனால் ஒரு பெரும்புயல் அடித்து, கிணறுகளில் கடல்நீர் புகுந்து, அவசரத்தில் கடைசிப் பெட்டி வரை படகில் ஏற்றியிருந்தால், வெளித்தீவுகளின் குழந்தைகள் அந்த மாத்திரையை நம்பித் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

மெலியானே வாசலிலேயே நின்றாள். அங்கே நிற்கும்போதுதான் அது அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு வருடமும் இதே வாசலில் இப்படித்தான் நின்றிருக்கிறாள். உள்ளே எத்தனை பெட்டி என்று தம்பி சொல்வான். அவள் எழுதிக்கொள்வாள். ஒரு அறையைப் பார்க்காமல் விட்டோம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. ஏனென்றால் அந்த அறை அவள் கண்ணுக்கு இருந்ததே இல்லை.

உறவினர் இருந்தால் விலகு என்ற விதி, பொய் சொல்கிற தணிக்கையாளர்களுக்காக எழுதப்பட்டது என்றே அவள் நினைத்திருந்தாள். தான் பொய் சொல்லமாட்டாள், ஆகவே அந்த விதி தனக்கில்லை. ஒவ்வொரு முறையும் தவறான விடையை அவ்வளவு உறுதியாகத் தேர்ந்தெடுத்ததன் அடியில் இருந்தது அந்தக் கர்வம்தான். இப்போது தெரிந்தது, அந்த விதி நல்லவர்களுக்காகவும்தான். கால் தானாகத் திரும்பிவிடுகிறவர்களுக்காக.

இதில் வேடிக்கை என்னவென்றால், விலகுவது என்ற வார்த்தையை அவளுக்கு எந்தப் புத்தகமும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்த மண்ணில் பிறந்த எந்தப் பெண்ணும் தம்பி வரும் வழியிலிருந்து விலகத் தெரிந்தவள்தான். அவளும் விலகித்தான் இருந்தாள். உடம்பு மரியாதையாக வெளியே வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

தணிக்கைக் குழுத் தலைவர் சோசாயாவுக்கு அங்கிருந்தே தொலைபேசியில் பேசினாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்.

"ஐயா, நான் இந்த வேலையிலேர்ந்து விலகிக்கறேன். ஃபெலேட்டி என் தம்பி."

"அது எனக்குத் தெரியாதா? அவன் கல்யாணத்துல நான்தானம்மா பேசினேன். என் வீட்டுக்காரிக்கும் அவன் தம்பிதான்."

"அப்ப இந்த அறிக்கை வர்றப்ப நீங்களும் வெளியில போயிடுங்க ஐயா."

கிழவர் வெடித்துச் சிரித்தார். "நீ சொல்றத பாத்தா குழுவுல நாற்காலி மட்டும்தான் இருக்கும் போல!"

"எசேட்டா இருக்கா. அவளுக்கு வவாவுல யாரும் இல்ல. அவ கையெழுத்துப் போடட்டும். முந்தின வருஷங்கள்ல அந்த ரூம யாரும் பாக்கலன்னும் அவளே எழுதட்டும். என் பேரப் போட்டே எழுதட்டும்."

சிரிப்பு நின்றது. "பரீட்சைக்கு முன்னால இது வேணுமாம்மா உனக்கு? வாரியத்துல படிப்பாங்க."

"படிக்கட்டும் ஐயா."

அதைச் சொன்னபோது பயம்தான் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக முதுகு நிமிர்ந்துகொண்டது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செய்தி அவளுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. சித்தி தொலைபேசியில் அழுதாள். "சொந்தத் தம்பிய மாட்டி விட்டுட்டு யாருக்கு என்ன வாங்கித் தரப் போற?" என்றாள். ஃபெலேட்டிக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அவன் பேசாததை வைத்து எதையும் கணிக்கவும் முடியாது. அக்காவிடம் அவன் எப்போதுதான் நிறையப் பேசினான்?

அடுத்த மாதம் ஆக்லாந்தில், பரீட்சை மையத்தின் கணினித் திரை முன்னால் மெலியானே உட்கார்ந்தாள். முதல் கேள்வியைப் படித்ததுமே வழக்கம்போல ஒரு முகம் வந்தது. யாரோ ஒரு கிடங்குக்காரர், யாரோ ஒரு கணக்கர். எசேட்டா சொன்ன மாதிரி அவரை விரட்டிப் பார்த்தாள். போகவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஒன்றைக் கேட்டாள்: இவர் முன்னால் என் கால் எங்கே திரும்பும்? எதைப் பார்க்காமல் விடுவேன்? அப்படிக் கேட்டதும் நான்கு விடைகளில் ஒன்று முன்னால் வந்து நின்றது. எல்லாக் கேள்விக்கும் அல்ல. சிலவற்றுக்குப் புத்தகம்தான் கைகொடுத்தது. சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். ஆனால் முந்தைய இரண்டு முறையும் கேள்வி எழுதியவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், இந்த முறை அவர்களும் எங்கோ ஒரு வாசலில் நின்றுவிட்டு வந்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் நான்கு விடையாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

முடித்ததும் திரையில் தேர்ச்சி என்று வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மேற்பார்வைப் பெண் வந்து, எல்லாம் சரிதானே என்று கேட்டாள். "சரியா இருக்கு" என்றாள் மெலியானே. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நல்ல பாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சபைக்குள் நுழையும்போது வரும் ஒரு நிமிர்வு இருக்கிறதே, அதுதான் வந்தது. வேலை தெரிந்தவள் என்று ஊர் சொன்னதும் பொய்யில்லை. இல்லை என்று கேள்வித்தாள் சொன்னதும் பொய்யில்லை.

சபைக் கூடத்தில் விருந்து. அத்தை சியோசியானா, மூன்றாவது உபவாசத்தின் பலன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். போதகர் முப்பது நிமிடம் நன்றி ஜெபம் செய்தார். எசேட்டா மட்டும் அவள் காதோரம் குனிந்து, "நான் சொன்னது தப்புக்கா. அனுபவத்த வெளியில விடச் சொன்னேனே" என்றாள்.

"பாதி தப்பு. அப்படியே கூட்டிட்டுப் போயிருந்தா நாலாவது தடவையும் எழுதியிருப்பேன்."

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே, மண்ணடுப்பின் பக்கமிருந்து ஆண்களின் பேச்சு கேட்டது. ஃபெலேட்டி கப்பலில் ஒரு பெரிய பன்றியோடு வந்திருந்தான். வந்ததிலிருந்து கூடத்துக்குள் தலை காட்டவில்லை. அக்கா இருக்கும் இடத்துக்கு வரமாட்டான். புகைக்குள் நின்று பன்றியைச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா ஃபெலேட்டி, உன்னயே மாட்டி விட்டவங்களுக்கு நீயே பன்னி சுடறியே?" என்று யாரோ சீண்டினார்கள்.

"மாட்டி விட்டாங்கதான். அதுக்கென்ன? உனக்கு அக்கா இருக்காளே, உன் கெடங்குல ஓட்டை இருக்குன்னு ஊருக்கு முன்னால சொல்லுவாளா? அதோட நிறுத்தாம, நானும் பாக்காம விட்டேன்னு தன் பேரயும் சேத்து எழுதுவாளா?"

"அவ என்னத்த எழுதுவா. அவளுக்கு நான் எங்க வேலை பாக்கறேன்னே தெரியாது."

சிரிப்பு. அதற்கு மேலே ஃபெலேட்டியின் குரல்: "எங்க அக்கா பண்ணினாங்க. இந்த நாட்டுல எல்லாக் கெடங்கையும் இனிமே அவங்க தலைமையிலதான் பாக்கப் போறாங்க. என் கெடங்குலதான் ஆரம்பிச்சாங்க, தெரியுமில்ல? என் கெடங்குலதான்!"

கொஞ்ச நேரத்தில் பன்றியின் முதுகுக்கறி, மொறுமொறுப்பான தோலோடு, வாழையிலையில் உள்ளே வந்தது. கொண்டுவந்தவர், "தம்பி குடுத்தனுப்பினான்" என்று சொல்லி மெலியானேவின் முன்னால் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் அவள் தொடுவதற்காகக் காத்திருந்தார்கள். முதல் துண்டு அக்காவுடையது.

மெலியானே அவசரப்படவில்லை. தோலை ஒடித்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அத்தை.

"அதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல அத்தை. சுட்டது என் தம்பி" என்றாள் மெலியானே. "எசேட்டா சாப்பிட்டுப் பாத்துச் சொல்லட்டும்."